பொன் உருகுமுன்

இராசநாயகத்தின் கால்களில் ஒட்டியிருந்த சேறு கறுப்பாக இருந்தது. தங்கமுத்து முதலில் கண்டது அதைத்தான். அவள் புகையிலைக் கன்றுகளுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரம்பில் குனிந்து நின்றாள். குனிந்து நிற்கிறவளுக்கு வருகிறவனின் கால்தான் முதலில் தெரியும். கொக்குவில் கிழக்கில் எந்தத் தோட்டத்துக்குள் இறங்கினாலும் கால் சிவக்கும். அது செம்பாட்டு மண். யாழ்ப்பாணப் பட்டினத்து றோட்டில் நடந்து வந்தால் சுண்ணாம்புக் கல்லின் தூள் படிந்து கால் வெளுக்கும். மார்கழி மழையில் அந்தத் தூள் பசையாகும், ஆனாலும் வெள்ளைதான். காலையில் வெளுத்த வேட்டியும் கோட்டும் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, பட்டினத்துச் சோதினை மண்டபத்துக்கென்று ரெயில் ஏறிப்போனவனின் கணுக்கால் வரைக்கும் காய்ந்து வெடித்திருந்தது கறுத்த களி.

"உந்தச் சேத்தை எங்கையடா மிதிச்சனி?"

"ஸ்டேசனடியிலை ஒரு பள்ளம், மாமி."

"கொக்குவில் ஸ்டேசனடிப் பள்ளத்திலை கறுத்தக் களி எப்பயிருந்து வந்தது? ஆருக்குக் கதை விடுறாய்?"

கன்றுகளை மூடியிருந்த பனையோலைத் துண்டு ஒன்று காற்றில் சாய்ந்து கிடந்தது. அவன் குனிந்து அதை நிமிர்த்தி வைத்தான். தோட்டத்துப் பொருளில் அவன் கை வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் தங்கமுத்து. தன் கண் முன்னாலேயே அவன் அதை மீறியதைக் கண்டு அவள் குடத்தோடு நிமிர்ந்தாள்.

"இண்டைக்குக் கணக்குச் சோதினையெல்லே?"

"ஓம்."

"எழுதினனியோ?"

"யாழ்ப்பாணத்திலை ரெயில் நிண்டது. எங்கடை பள்ளிக்கூடத்துப் பெடியள் எல்லாரும் இறங்கினாங்கள். நான் இறங்கேல்லை." அவன் குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "கிளிநொச்சிக்குப் போனனான். அங்கை கவுண்மேந்து காடு வெட்டிக் காணி குடுக்குது. குளத்துத் தண்ணி வாய்க்காலாலை தானா வருது, மாமி. கிணத்திலை துலா மிதிக்கத் தேவையில்லை. பாத்துக்கொண்டு நிண்டன். நேரம் போனது தெரியேல்லை."

அவள் கையிலிருந்த செப்புக்குடம் அவன் காதோரம் மோதியது. எறிந்தாளா, அடித்தாளா என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இரத்தம் கோட்டின் கழுத்தில் வடிந்தது. அவன் ஓடவுமில்லை, கையைத் தூக்கி மறைக்கவுமில்லை. அடி தனக்கு உரியதுதான் என்பதுபோல நின்றான். அதுதான் அவளை இன்னும் எரித்தது. ஓடினால் துரத்திப் பிடித்து இன்னும் நாலு போட்டிருக்கலாம்.

அவள் அவனைப் பெறவில்லை. பெற்றவள் பிரசவத்தோடே போய்விட்டாள். இரத்தம் காயாத குழந்தையைத் தமையன் மார்க்கண்டு கொண்டுவந்து அவள் மடியில் போட்டபோது, அந்த வீட்டில் குழந்தை வளர்க்க அவளை விட்டால் வேறு ஆளில்லை. அவள் கட்டிக் கொடுபடாமல் நின்றுபோன குமர். நின்றுபோன கதையை ஊரில் எவரும் அவள் காது கேட்கக் கதைப்பதில்லை. அவள் காதுக்குள் அது ஓயாமல் ஒலித்தபடியே இருந்தது.

மானிப்பாய்ப் பக்கத்துத் தில்லைநாதனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். முகூர்த்தத்துக்குச் சில நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கினார்கள். அதே நல்ல நேரத்தில் இங்கே பெண் வீட்டு முற்றத்தில் பந்தலுக்கு முள்முருக்கில் கன்னிக்கால் ஊன்றினார்கள். பொன் உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்தமாதிரித்தான். அதற்குப் பிறகு ஒருவரும் பின்வாங்கமாட்டார்கள். அவர்கள் பின்வாங்கினார்கள். தில்லைநாதனுக்கு மலாயா ரெயில்வேயில் கிளாக்கர் வேலை கிடைத்ததாகத் தந்தி வந்தது. மறுநாளே அவன் தகப்பன் ஒரு ஆளை அனுப்பினார். வேலிப் படலைக்கு உள்ளேகூட வராமல் நின்று அந்த ஆள் சொன்னான்: உத்தியோக மாப்பிள்ளைக்குத் தோட்டக்காரன் வீட்டில் பெண் எடுப்பது இனிப் பொருந்தாதாம். உருக்கிய பொன் வீணாகவில்லை. ஆவணி முடிவதற்குள் அதே பொன்னில் செய்த தாலி வேறொருத்தியின் கழுத்தில் ஏறி, அவளோடு கப்பலும் ஏறியது.

ஊன்றிய கால் வேர்விட்டது. முருக்கு அப்படித்தான், ஈர மண்ணில் எப்படிக் குத்தினாலும் பிழைத்துக்கொள்ளும். துளிர்த்ததைக் கண்டு மார்க்கண்டு கோடரி தூக்கினான். "நிக்கட்டும்" என்றாள் தங்கமுத்து. அதற்குப் பிறகு வருசா வருசம் அவளே ஏறி அதன் கொப்புகளை வெட்டிப் புகையிலைப் பாத்திக்குத் தழையாகப் புதைத்தாள். வெட்ட வெட்ட அது கொழுத்தது.

அவளும் மார்க்கண்டுவும் சேர்ந்து வாழ்ந்தது ஒரே ஒரு நாளுக்காக. மலாயாவுக்குப் போனவன் ஒருநாள் பென்சனோடு ஊருக்கு வருவான். அவனுக்குப் பெட்டைப் பிள்ளை இருக்கும். பெட்டைக்கு உத்தியோக மாப்பிள்ளை தேவைப்படும். யாழ்ப்பாணத்தில் உத்தியோக மாப்பிள்ளைகள் முளைக்கிற இடம் சோதினைத் தாள்தான். அந்தத் தாளில் இராசநாயகத்தின் பெயர் வரவேண்டும். தில்லைநாதன் படலைக்கு வரவேண்டும். படலைக்கு வெளியிலேயே வைத்து அவனைத் திருப்பி அனுப்பவேண்டும்.

ஆகவே பெடியனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து படிப்பு. விடிய முன் எழுப்பி நல்லெண்ணெயில் பச்சை முட்டை. பிறகு வல்லாரைச் சம்பல், மூளைக்கு நல்லதாம். வல்லாரை தின்று தின்று அவனுக்கு வயிறு பொருமும். வாந்தியெடுத்தால் இன்னொரு பிடி அரைத்து வைப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவன் உரத்துப் படிக்கும்போது பக்கத்தில் இருந்து பனையோலை பின்னியபடி ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஓசை எங்கே இடறுகிறதோ அங்கே முருக்கந் தடி விழும். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிப்போடுவார்கள் என்று சொந்தக்காரர் பயமுறுத்தினார்கள். "சோதினையிலை பாஸ் பண்ணட்டும், பிறகு எந்தச் சாமியைக் கும்பிட்டாலென்ன" என்றாள்.

அவனுக்குப் பத்து வயதிருக்கும், குசினிக்குப் பின்னால் ஒரு மூலையில் மிளகாய்க் கன்று நட்டிருந்தான். பாத்தி கட்டி, சாம்பல் தூவி, பெரிய ஆள் செய்கிற வேலை. கன்றுகள் கொழுத்துக் கருகருவென்று நின்றன. பூத்திருந்த நேரம் அவள் கண்டாள். ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி அவன் முன்னால் போட்டாள். அவன் அழவில்லை. பிடுங்கிப் போட்ட கன்று ஒன்றை எடுத்து அதன் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அன்றே அவள் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்குச் சோதினை போனால் எல்லாம் போனது. ஒரு பாடம் விட்டாலும் சீனியர் சோதினையில் பாஸ் இல்லை. அன்று மாலை மார்க்கண்டு தோட்டத்தால் வந்து, "எப்பிடி மோனை எழுதினனி?" என்று கேட்டபோது, பெடியன் வாயைத் திறக்க முன் தங்கமுத்து சொன்னாள்: "நல்லா எழுதினவனாம்." ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தமையனின் நெஞ்சு ஒருமுறை வெடித்துத் தைத்த நெஞ்சு. இன்னொரு முறை தைக்க அதில் துணி மிச்சமில்லை. அதற்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். சோதினைத் தாள்கள் கப்பலில் சீமைக்குப் போகும். அங்கே வெள்ளைக்காரர் திருத்தி, முடிவு திரும்பி வரச் சித்திரையாகும். அதுவரைக்கும் கொக்குவிலில் இராசநாயகம் பாஸ் பண்ணப்போகிற பெடியன்தான்.

மாசியில் தரகர் சிவக்கொழுந்தர் வந்தார். முடிவு வருமுன் மாப்பிள்ளை பிடிக்கிறது இங்கத்தைய கெட்டித்தனம். பாஸ் என்று பேப்பரில் வந்தபிறகு மாப்பிள்ளையின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். கெட்டிக்காரப் பெடியன் என்று பள்ளிக்கூடத்தில் விசாரித்து முன்கூட்டியே மடக்கினால் கொஞ்சத்தோடு முடிக்கலாம். சிவக்கொழுந்தர் வெற்றிலையை மடித்தபடி, தமையன் தங்கை இருவர் முகத்தையும் பாராமல், கூரை வளையைப் பார்த்துச் சொன்னார்:

"ஆள் ஆரெண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது. மலாயாவாலை வந்திருக்கிற தில்லைநாதர். பெட்டை பாலேஸ்வரி, ஒரே பிள்ளை. பழசையெல்லாம் மனசிலை வைக்காமல் யோசியுங்கோ எண்டு அவரே சொல்லிவிட்டவர்."

மார்க்கண்டு எழும்பினான். இருபது வருசமாகத் தீட்டி வைத்த சொல் அவன் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டதைத் தங்கமுத்து கண்டாள். குசினி வாசலில் நின்றபடி, "அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்றாள்.

உள்ளே அடுப்படியில் வைத்து அவள் சொன்னதை மார்க்கண்டு வாய் பிளந்து கேட்டான். படலையில் வைத்துத் திருப்பினால் அவனுக்கு என்ன நட்டம்? அடுத்த படலைக்குப் போவான். ஊர் ஒரு கிழமை சிரிக்கும், பிறகு மறக்கும். எங்களுக்கு அப்பிடியோ செய்தவங்கள்? ஓம் எண்டு சொல்லுங்கோ. நாள் வையுங்கோ. பொன் உருக்குவம். அங்கை அவன் வீட்டிலை கன்னிக்கால் ஊண்டட்டும். பந்தல் போடட்டும், சனத்துக்குச் சொல்லட்டும். கலியாணத்துக்கு முதல்நாள் ஒரு ஆளை அனுப்புவம்.

மார்க்கண்டுவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அவ்வளவு காலத்தில் அவள் கண்டிராத சிரிப்பு. "எடியே" என்றான், "நீ ஆம்பிளையாப் பிறந்திருக்கவேணும்." பெடியன் பாஸ் பண்ணினவுடன் இதைவிட நூறு மடங்கு நல்ல இடம் வரும் என்று அவன் நம்பினான். கணக்குச் சோதினையன்று ரெயிலால் இறங்காதவனைப்பற்றி அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவுமில்லை.

பெடியனிடம் தோட்டத்தில் வைத்துச் சொன்னாள். புகையிலை நெஞ்சளவு நின்ற காலம். பக்கத் துளிர்களைக் கிள்ளிக் கிள்ளி அவள் விரல்களெல்லாம் பிசின் ஏறிக் கறுத்திருந்தன.

"நீ வாயைப் பொத்திக்கொண்டு மணையிலை இருந்தால் காணும். அது முடிய நான் அண்ணையோடை கதைச்சு உன்னைக் கிளிநொச்சிக்கு விடுறன். காடு வெட்டு, மாடு மேய், என்னவும் செய். இனி உன்னைப் படி எண்டு ஒரு சொல் சொன்னால் என்ரை நாக்கு அழுகட்டும்."

அவன் அவளையே பார்த்தான். அடியின் தழும்பு காதோரம் வெளுத்துத் தெரிந்தது. "அந்தப் பெட்டைக்கு என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? ஒண்டும் நடக்காது. எனக்கு என்ன நடந்தது? சாப்பிடுறன், வேலை செய்யிறன், நித்திரை கொள்ளுறன்."

அவன் அவள் விரல்களைப் பார்த்தான். அவள் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

நாள் வைத்த பிறகு ஒரு மத்தியானம், மார்க்கண்டுவும் பெடியனும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் குடையும் சப்பாத்துமாக ஒருவர் வரம்பில் தடுமாறித் தடுமாறி வந்தார். சிரித்தபோது மேல்வரிசையில் பொற்பல் மின்னியது. சிவக்கொழுந்தர் சொல்லியிருந்த பல். அவள் தில்லைநாதனைக் கண்டதில்லை. கலியாணம் பேசின காலத்தில் ஆர் ஆரைக் கண்டார்கள்? இவ்வளவு காலமும் அவள் தன் மனதில் அவனுக்கு ஒரு முகம் செய்து வைத்திருந்தாள், கூர் மூக்கும் குரூரக் கண்ணுமாக. வந்தது வெயிலில் வேர்த்து வழியும் ஒரு தொந்திக்காரன். சாதாரண முகம். அதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கூடுதலாக வெறுப்பு வந்தது. இந்தப் பூசணிக்காய்க்காகவா?

"எடி பிள்ளை, மார்க்கண்டர் வீட்டிலை ஆரும் இல்லையோ?"

"கோயிலுக்குப் போட்டினம்."

"நல்ல வெயில். குடிக்கத் தண்ணி..." என்று தொடங்கியவர், அவள் முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய சேலையையும் கறுத்த கைகளையும் கண்டுவிட்டு, "வேண்டாம், வேண்டாம். வீட்டாக்கள் வரட்டும்" என்றார். கூலிக்காரி என்று எண்ணிவிட்டார். கூலிக்காரியின் கையால் தண்ணீர் குடித்தால் அவருடைய சாதி போய்விடும். அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

அவர் ஒரு புகையிலை இலையைப் பிடித்து, இரண்டாகக் கிழித்து, மணந்து பார்த்து, எறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உந்த வீட்டிலை முந்தி ஒரு குமர் நிண்டதே. மார்க்கண்டற்றை தங்கச்சி. அதைக் கட்டிக் குடுத்தாச்சோ?"

"இல்லை."

"அப்ப வீட்டிலைதான் நிக்குதோ?"

"அது செத்துப்போச்சு" என்றாள் தங்கமுத்து.

"எப்ப?"

"அது கன காலம்."

தில்லைநாதன் மூச்சு விட்டார். உண்மையாகவே அவருக்கு ஆறுதல். "அப்ப சரி. வாழாத பொம்பிளை ஒண்டு வீட்டுக்கை இருந்தால் போற பிள்ளைக்குக் கரைச்சல், கண்டியோ. அதைத்தான் ஒருக்கா அறிஞ்சுகொண்டு போவமெண்டு வந்தனான்." குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மண்வெட்டி அவள் கைக்கெட்டிய தூரத்தில் வரம்பில் கிடந்தது. அதை அவள் எடுக்கவில்லை. அதைவிட நல்லது ஒன்று நாள் குறித்து வைத்தாயிற்று. போகிறவரின் முதுகைப் பார்த்தபடி, அவள் துளிர் கிள்ளினாள். அன்றைக்குக் கிள்ளிய மாதிரி ஒருநாளும் கிள்ளியதில்லை, நகம் இலைக்காம்பு வரைக்கும் இறங்கியது.

பொன்னுருக்கு நாள் காலையில் கிணற்றடியில் பெடியன் குளித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்குப் புது வேட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். தலையைத் துவட்டியபடி, அவளைப் பாராமல் அவன் சொன்னான்:

"மாமி, பவுண் உருகினால் நான் அவளைக் கட்டுவன்."

"என்ன விசர்க் கதை?"

"உருக்கிப்போட்டு விடமாட்டன். வாயைப் பொத்துவன் எண்டுதான் சத்தியம் பண்ணினனான். விட்டிட்டுப் போவன் எண்டு சத்தியம் பண்ணேல்லை."

"அவளை நீ கண்டுகூட இல்லையேடா!"

"தில்லைநாதரும் உங்களைக் கண்டதில்லைத்தானே."

அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளிநொச்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகேலாது" என்று அவன் தொடர்ந்தான், சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சாதாரணமாக. "அங்கை நுளம்புக் கடி, மலேரியாக் காய்ச்சல். வீட்டுக்கை வளந்த பெட்டை செத்துப்போவாள். அப்ப நான் இஞ்சை நிப்பன். சோதினையைத் திருப்பி எழுதுறன். வல்லாரை தின்னுறன். கிளாக்கர் வேலை எடுக்கிறன், மாமனார் சொல்லுற இடத்திலை. நீங்கள் கேட்டதெல்லாம் இதுதானே."

"உன்ரை வாயாலை நீயே போய்ச் சொல்லன், சோதினை எழுதேல்லை எண்டு!"

"நான் சத்தியம் பண்ணினனான், மாமி. உங்கடை தலையிலை."

அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனான். நிமிர்ந்து போகவில்லை, தோளைக் குறுக்கி, ஏற்கெனவே ஏதோ கந்தோரில் மேசைக்கு முன்னால் பத்து வருசம் குந்தியிருந்து எழும்பியவன்போல நடந்தான். அவள் அவனுக்கு அப்படி ஒரு நடை வரவேண்டுமென்றுதான் பதினேழு வருசம் முருக்கந் தடியோடு இருந்தாள். இப்போது பின்னால் நின்று பார்க்கையில், தோட்டத்தில் ஆரோ ஒரு கன்றை வேரோடு இழுத்துக் கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவளுடைய கொதிப்புக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை. கொதிப்பு அப்படியே இருந்தது. அதற்கு இடம்தான் மாறியது. தில்லைநாதன் இன்றைக்கு வந்து, சிரித்து, பொன்னை உருக்கி, அவளிடமிருந்த ஒரே பிள்ளையையும் மடியில் கட்டிக்கொண்டு போகப்போகிறான். அதற்கு நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தவள் அவளே.

முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, நிறைகுடம் வைத்திருந்தார்கள். பொன் உருக்குகிற ஆசாரியார் மண் சட்டியில் நெருப்பு மூட்டி, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். தில்லைநாதனும் அவர் பக்கத்து ஆம்பிளைகளும் பாயில் இருந்தார்கள். பெடியன் மணையில் இருந்தான். குங்குமமும் பூவுமாகச் சுமங்கலிப் பெண்கள் ஒருபக்கம் நின்றார்கள். தங்கமுத்துவின் இடம் குசினி. இப்படியான நாளில் அவள் முற்றத்துக்கு வருவதில்லை; வரவேண்டாமென்று எவரும் சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை.

"நெருப்புக் காணாது, சிரட்டைக்கரி இன்னும் வேணும்" என்றார் ஆசாரியார்.

"தங்கமுத்து! கரி குடுத்துவிடு!" என்று மார்க்கண்டு கூப்பிட்டான்.

அவள் குடுத்துவிடவில்லை. கரி நிறைந்த ஓலைக் கடகத்தைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பெண்கள் விலகினார்கள். மார்க்கண்டு முகம் சுளித்தான். அவள் நேராகப் போய் ஆசாரியாருக்குப் பக்கத்தில் கடகத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

தில்லைநாதன் அவளைப் பார்த்தார். முதலில் கரி கொண்டுவந்த கூலிக்காரியைப் பார்த்தார். பிறகு கைகளை. பிறகு முகத்தை. மார்க்கண்டுவைத் திரும்பிப் பார்த்து, "இது ஆர்?" என்றார்.

"என்ரை தங்கச்சி" என்றான் மார்க்கண்டு. அந்தச் சொல்லை இந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்ல அவன் எவ்வளவு காலம் காத்திருந்தான் என்பது குரலில் தெரிந்தது.

தில்லைநாதனின் வாய் திறந்தபடி நின்றது. பொற்பல் வெயிலில் மின்னியது, அது சிரிப்பல்ல. செத்துப்போனவள் கரிக் கடகத்தோடு முன்னால் நிற்கிறாள். ஏன் பொய் சொன்னாள் என்று அவர் யோசிக்கிறார். யோசனை எங்கே போய் முட்டுகிறது என்பதை அவர் கழுத்து வேர்வையிலிருந்தே அவள் படித்தாள். பழைய கணக்கைத் தீர்க்கப்போகிறார்களோ என்ற பயம். அவ்வளவு காலமும் அவள் விரும்பியது இதைத்தான். இதோ கிடைத்துவிட்டது. தேனாய் இறங்கியது. அவர் எழும்பிப் போகலாம், ஆனால் போகவில்லை. உத்தியோக மருமகன் மணையில் இருக்கிறான். இவ்வளவு சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தோளிலிருந்த சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நெருப்பைப் பார்த்தார்.

"நேரம் சரி" என்றார் ஆசாரியார், குறட்டில் தங்கப் பவுணைப் பிடித்தபடி. "போடட்டோ?"

"போடுங்கோ" என்றான் மார்க்கண்டு.

பெடியன் நெருப்பைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால், ஸ்டேசன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வயதில் பிடுங்கிய கன்றின் வேரைப் பார்த்த அதே பார்வை.

"பொறுங்கோ ஆசாரியார்" என்றாள் தங்கமுத்து.

குறடு நடுவில் நின்றது.

"அண்ணை, நான் உங்களுக்கு ஒளிச்சனான். பெடியன் கணக்குச் சோதினை எழுதேல்லை. அண்டைக்கு யாழ்ப்பாணத்திலை ரெயிலாலை இறங்கேல்லை. சீமையிலையிருந்து என்ன வந்தாலும் அவன்ரை பேர் வராது. அவன் கிளிநொச்சியிலை காணி எடுத்துக் கமம் செய்யப்போறான். நான் விடுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

மார்க்கண்டு அப்படியே மண்ணில் குந்தினான். ஆரோ பின்னால் போய் அவனைப் பிடித்தார்கள். பெடியன் மணையிலிருந்து பாதி எழும்பி அவளைப் பார்த்தான். அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்த்தால் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கமாட்டாள் என்று பயந்தாள். தில்லைநாதனுக்கு முன்னால் இரண்டு அடி வந்து நின்றாள். அந்த ஊரில் ஒரு குமர் ஒரு ஆம்பிளைக்கு அவ்வளவு கிட்டே நின்று கதைத்ததை எவரும் கண்டதில்லை.

"போனமுறை உங்கடை அப்பு ஆளனுப்பிச் சொன்னவர்" என்றாள். "நான் உள்ளுக்கை இருந்து கேட்டனான். இந்தமுறை நீங்களே இருக்கிறியள், நானும் இருக்கிறன். ஆள் தேவையில்லை. மாப்பிள்ளை தோட்டக்காரன். உங்கடை வாயாலை, இவ்வளவு சனத்துக்கும் கேக்கச் சொல்லுங்கோ. பவுணைப் போடட்டோ, விடட்டோ?"

சிவக்கொழுந்தர் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். பெண் வீட்டு ஆம்பிளைகள் தில்லைநாதனின் வாயைப் பார்த்தார்கள். அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார், மடியில் வைத்தார், மறுபடி தோளில் போட்டார். தங்கமுத்து அவசரப்படவில்லை. கறுத்த கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தன் நிழல் அவர் மடியில் விழும்படி நின்றாள். ஊதுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஆசாரியார் ஊதுகுழலை வாயில் வைத்தபடியே இருந்தார். குறட்டு நுனியில் பவுண் வெயிலை வாங்கிக்கொண்டு நின்றது. படலை வழியாக ஆரோ வீட்டு ஆடு ஒன்று உள்ளே வந்து, இரண்டு காலில் எழும்பி, தோரணத்து மாவிலைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்னத் தொடங்கியது. அதைக் கலைக்க ஒருவரும் எழும்பவில்லை.